ஆஸ்பத்திரி ஆர்ச்சும் ஒரு 'ம்'மும்

புதுக்கோட்டையில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் சிலர், நான் வேலை பார்த்த அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்காக வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது என் வழக்கம். ஐயா, நீங்களும் இதே டிகிரிதானாமே, எப்படிப் படித்தீர்கள் என்று எங்கள் கல்லூரி மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் படித்த கதையை எழுதினால் அந்தப் படிப்பின் மேல் உங்களுக்கு மரியாதை குறைந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அது ஏற்கெனவே கொறஞ்சுதாங்கய்யா இருக்கு" என்றது ஒரு பிள்ளை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எட்டாம் வகுப்பு பாதியில் லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். கேரளாவில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கைக்குக் கிடைத்ததும் ஊர் வந்து சேர்ந்தேன். அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். ஓட்டினேன். சும்மா உட்கார முடியாமல் வேன் நிற்கும் நேரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து வைத்தேன், கட்டில் ஒதுக்கினேன், வரிசையை ஒழுங்குபடுத்தினேன். சில வருடங்களில் எல்லோரும் என்னை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் நியமிக்கவில்லை.

அந்த நேரத்தில் சர்க்கரை நோயால் என் கண் மங்கியது. டிரைவிங் லைசென்சைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயம் ஆஸ்பத்திரியைக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கும் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ராசு, அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒருத்தர் வேணுமாம். டிகிரி முடிச்சிருக்கணுமாம். நீ எது வரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாப்பு முடிக்கலீங்க."

"அதுக்கு மேல?"

எட்டாப்பு முடிக்காதவன் அதற்கு மேல் என்ன படித்திருப்பான் என்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை. நீயே படி, இல்லை என்றால் படித்த ஆளைப் போட வேண்டி வரும் என்றார். படித்த ஆள் வந்தால் நான் வேனுக்குத் திரும்ப வேண்டும். வேனுக்கு என் கண் ஆகாது. இப்படித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் நான் மாணவன் ஆனேன்.

பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தனியாக எழுதித் தேறினேன். முதல் பரீட்சை அன்று, பெற்றோர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்கணும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். பிறகு தபால் வழியில் பி.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம். நோயாளியைத் தொடாமல் ஆஸ்பத்திரியை நடத்துவது எப்படி என்பதுதான் படிப்பு. ஊசி போடத் தெரிய வேண்டாம். ஊசி தீரப்போகிறது என்று தெரிந்தால் போதும். இத்தனை வருடங்களும், 'படித்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதியே காப்பீட்டுக்காரர்களைச் சமாளித்தோம். கடைசி ஆண்டில், இனி 'கொண்டிருக்கிறார்' செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேச மாட்டார். எதுவானாலும் மருந்துச் சீட்டில் எழுதி அனுப்புவார். மாடிக் குழாய் ஒழுகினால், 'பிளம்பர், 1-0-0' என்று சீட்டு வரும். காலையில் ஒரு பிளம்பர், மத்தியானமும் ராத்திரியும் தேவையில்லை என்று அர்த்தம். ஜெனரேட்டருக்கு டீசல் 1-0-1. வாட்ச்மேன் வேலை நேரத்தில் தூங்கியதற்கு, 'திட்டு, 1-1-1, சாப்பாட்டுக்குப் பின்.' அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியிலேயே பார்மசி பீர் முகமது ஒருவர்தான். அதனால் எனக்கு வரும் உத்தரவு எல்லாம் முதலில் பார்மசிக்குப் போய்த்தான் என்னிடம் வரும். ஒருமுறை அவரே தடுமாறி, 'சிலிண்டரை மாடிக்கு ஏற்று' என்பதைச் 'செல்லத்துரையை மாடிக்கு ஏற்று' என்று வாசித்துவிட்டார். செல்லத்துரை என்ற பெயரில் ஒருவர் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார், சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர். ஏற்றிப் படுக்க வைத்துவிட்டோம். ஊசியோடு நர்ஸ் வரும்வரை அவரும் ஒன்றும் சொல்லவில்லை. "படுங்கன்னாங்க, படுத்தேன்" என்றார் பிறகு.

கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் அட்மினிஸ்ட்ரேட்டரின் கீழ் பயிற்சி பெற வேண்டும் என்று விதி. பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி அட்மினிஸ்ட்ரேட்டருக்குக் கடிதம் வந்தது. ராசு என்ற இந்த மாணவருக்குப் பயிற்சி அளித்து உதவவும் என்று கேட்டிருந்தார்கள். பிரித்துப் படித்தவன் நான்தான். அனுமதித்துப் பதில் எழுதினேன். ஆனால் வருகைப் பதிவிலும் நன்னடத்தைச் சான்றிலும் மாணவரும் மேற்பார்வையாளரும் ஒரே கையெழுத்தாக இருந்தால் ஒத்துக்கொள்வார்களா? டாக்டரிடம் கேட்டேன். 'பீர், 1-0-0' என்று சீட்டு வந்தது. அன்றிலிருந்து பீர் முகமது என் மேற்பார்வையாளர்.

என்னைவிட இளையவர் என்றாலும் நாங்கள் மாமா, மாப்ள என்றுதான் பேசிக்கொள்வோம். பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டார்.

"மாமா, இந்த மாச டியூட்டி சார்ட் எங்க?" என்று போய் நிற்பேன்.

"சார்னு கூப்புடு மாப்ள. பயிற்சி நேரம்."

"சரிங்க சார். டியூட்டி சார்ட்டு?"

"நீதானய்யா போடணும். மேனேஜரு யாரு இங்க?"

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டையில் வகுப்பு. எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் ஓட்டல் நிர்வாகம் படித்தவர். அந்தப் பாடத்துக்கு ஆள் சேராததால் எங்களுக்கு வந்திருந்தார். நல்ல மனசு, நன்றாகவும் நடத்துவார், ஆனால் நோயாளியை விருந்தினர் என்றுதான் சொல்லுவார். விருந்தினர் முதலில் பார்க்கும் முகம் யாருடையது, படுக்கையறையில் அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசு ஆஸ்பத்திரி கிளார்க் ஒருவர், "தலகாணி உறை, மேடம்" என்றார். மேடம் அதைச் சரியான விடை என்று எழுதிக்கொண்டார்.

பட்டத்துக்கு ஒரு செய்முறைத் திட்டம் செய்து காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைத் தீர்த்து, அறிக்கை எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நேரில் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் தேர்ச்சி. மேடம் ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். வாசல் ஆர்ச்சைப் பார்த்து நின்றுவிட்டார். ரோட்டுப் பக்கம் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது. உட்பக்கம் ஒன்றும் இல்லை.

"வெளிய போறவங்களுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"ஒண்ணும் சொல்றதில்லீங்க."

"அதான் உங்க குறை. 'நன்றி, மீண்டும் வருக'ன்னு எழுதுங்க. எவ்வளவு பேர் திரும்ப வர்றாங்கன்னு கணக்கெடுங்க. திட்டம் முடிஞ்சது."

எங்கள் பக்கம் எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லாமல் வர மாட்டோம். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, துக்க வீடு. இன்னொன்று, ஆஸ்பத்திரி. குணமாகிப் போகிறவர்கள் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். எங்கள் நர்சுகளும் தலையை மட்டும்தான் ஆட்டுவார்கள்.

"மேடம், ஆஸ்பத்திரில அந்த வார்த்த சொல்லக் கூடாதுங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா? ஏதாவது ஆய்வு?"

ஆய்வு இல்லை. எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன், வழக்கம்போல் கேட்டுக்கொண்டு எழுதினார். பீர் முகமது வாசித்தார்: "ஆர்ச், பெயின்ட், 1-0-0." கல்யாண மண்டபங்களுக்கு எழுதும் பெயின்டரைக் கூட்டி வந்தேன். நீல எழுத்தில் அழகாக எழுதினார். எழுதி முடித்ததும் கேட்டு வழியாகப் போகவில்லை. ஏணியை மதிலில் சாத்தி ஏறி, அங்கிட்டுக் குதித்து, ஏணியை எட்டி இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. ஆண்கள் வார்டு மாடியில் இருந்தது. சன்னல் வழியே பார்த்தால் ஆர்ச் நேர் எதிரே. குணமானவர்கள் கிளம்ப மறுத்தார்கள். ஒருவருக்கு அன்று அஷ்டமி. ஒருவருக்கு மச்சான் வரவேண்டும். ஒருவருக்கு எந்தக் கால் என்று தெரியாமல் கால் வலி. கிளம்பிய சிலரும் ஆட்டோவைப் பின்பக்கமாகவே ஓட்டச் சொல்லி, ஆஸ்பத்திரியைப் பார்த்தபடி வெளியேறினார்கள். கட்டில்கள் நிரம்பி வழிந்தன. விவரத்தை மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? படுக்கை எல்லாம் நிறைஞ்சிருக்கு. விருந்தினர்களுக்குப் போகவே மனசு வரலை."

அவர் சொன்னபடியே அறிக்கை தயாரானது. படுக்கைகள் நிறைந்ததற்குக் காரணம் ஆர்ச்சு வாசகம் என்று எழுதி, பைண்டிங் போட்டு அனுப்பினேன். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை.

தேர்வாளர் வரும் நாளும் வந்தது. அதே நாளில்தான் சின்னையா பெரியவருக்கு டிஸ்சார்ஜ்.

கறம்பக்குடிப் பக்கம் ஆட்டு வியாபாரம் செய்பவர் அவர். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறலோடு வந்து, பிழைத்து எழுந்தவர். டிஸ்சார்ஜ் என்பது எங்களிடம் ஒரு வரிசைப்படி நடக்கும். டாக்டர் கையெழுத்து, மீதி மருந்து பார்மசிக்கு, கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாயைக் கழற்றுவது, இன்ன நோய்க்கு இன்ன செய்தோம் என்ற தாள், கடைசியாக கேட்டில் காட்டும் சீட்டு. சின்னையா எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார். கேட்டுச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

இது பெரிய சிக்கல். கம்ப்யூட்டரில் அவர் போய்விட்டார், கட்டில் காலி. காலிக் கட்டிலைப் பார்த்து வரவேற்பறையில் அடுத்த ஆளைச் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரகக் கல்லோடு துடித்துக்கொண்டு வந்த ஒரு பையன். வராந்தா பெஞ்சில் சுருண்டு கிடந்தான். அவனுக்குக் கட்டில் இருந்தது. அதில் சின்னையா இருந்தார்.

"ஐயா, எல்லாம் முடிஞ்சிருச்சு. கெளம்பலாம்ங்க" என்றேன்.

"கெளம்பலாம் தம்பி. எங்கிட்டு?"

"கேட்டு வழியாத்தான்."

"அந்த எழுத்துக்குக் கீழ நான் நடக்க மாட்டேன். என் தம்பி போன வருசம் இங்கதான் கெடந்தான். நல்லாகிக் கெளம்புறப்ப, நெனப்பில்லாம ஒங்க நர்சு புள்ளகிட்ட வாரேம்மான்னு சொல்லிட்டான். வாய் வார்த்ததான். எண்ணி ஒரு மாசம், வந்துட்டான். அப்பறம் பின்கேட்டு வழியாத்தான் போனான்."

பின்கேட்டு என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. உயிரோடு யாரும் அந்த வழியாகப் போவதில்லை.

அவருடைய மகள் மல்லிகா பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் இரண்டு கறவை மாடுகளும் பரீட்சை எழுதும் பிள்ளையும். "அப்பா, கண்ண மூடிக்கிட்டு வாங்களேன். நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஆசுபத்திரிய விட்டுப் போறதுக்கு வேற பேரு இருக்கு ஆத்தா."

அடுத்த கட்டிலில் இருந்தவர் சிரித்தார். அவரும் போன வாரமே டிஸ்சார்ஜ் ஆகியிருக்க வேண்டியவர்.

"மதில் ஏறிக் குதிச்சா?" என்றார் பீர் முகமது.

"இப்பத்தான் நெஞ்சுல சளி எறங்கிருக்கு. மறுபடி ஏத்திவிடுறியா பாய்?"

டாக்டரே வந்தார். பெரியவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. போகலாம்" என்றார்.

"நெஞ்சுக்குத் தெரியுதுங்கய்யா. காலுதான் எந்திரிக்க மாட்டேங்குது. ஒங்க ஆர்ச்சப் பாருங்க."

டாக்டர் தினமும் அதன் வழியாகத்தான் காரில் வந்து போகிறார். சன்னல் வழியே அப்போதுதான் வாசித்தார். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நீங்கதாங்க சீட்டு குடுத்தீங்க. ஆர்ச், பெயின்ட்."

"மார்ச்சுல பெயின்ட் வேலையெல்லாம் பாத்துக்கலாம்னு எழுதுனேன்."

பீர் முகமது கூரையில் மின்விசிறி சுற்றுவதைக் கவனிக்க ஆரம்பித்தார். டாக்டர், "கல்லு கேசுக்குக் கட்டில் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

வராந்தாவிலிருந்து அந்தப் பையன் முனகுவது கேட்டது. எழுத்தை அழித்தால் கட்டில் காலியாகும்; அழித்தால் என் திட்டமும் போகும், பட்டமும் போகும், மார்ச்சோ ஏப்ரலோ படித்த ஆள் ஒருவர் என் நாற்காலிக்கு வந்துவிடுவார். தேர்வாளர் திருமயம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. நான் ஸ்டோர் ரூமில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தேடினேன். அதிகம் யோசித்ததாக ஞாபகம் இல்லை. பெஞ்சில் ஆள் கிடக்கும்போது கட்டில் தேடுவதுதான் இத்தனை வருடமாக எனக்குப் பழக்கம்.

ஆர்ச்சின் இரண்டு ஓரத்திலும் ஆட்டோக்கள் நின்றதால் ஏணியை நடுவில்தான் போட முடிந்தது. ஏறியதும் முகத்துக்கு நேரே வந்த எழுத்து 'மீண்டும்' என்பதில் கடைசி 'ம்'. அதன் மேல் வெள்ளையடித்து முடித்திருப்பேன், கீழே கார் ஹாரன் அடித்தது. தேர்வாளர். வழியில் ஏணி. இறங்கினேன். ஏணியை எடுத்து வழிவிட்டேன், கார் உள்ளே போனது. டப்பாவும் கையுமாக நான் நின்றேன்.

மாடிச் சன்னலிலிருந்து சின்னையா உரக்க வாசித்தார்.

"நன்றி. மீண்டு... வருக."

பிறகு, "மீண்டு வருகவாம்ப்பா. சீக்குலருந்து மீண்டு வெளிய வாடான்னு கூப்புடுது" என்று வார்டுக்குள் திரும்பிச் சொல்வது கேட்டது. என்னைப் பார்த்துக் குனிந்து, "தம்பி, அதுக்கு மேல கைய வெச்சிராத. அப்டியே விட்ரு. இத மொதல்லயே எழுதிருக்கலாம்ல?" என்றார்.

நான் தலையாட்டினேன். அது நான் எழுதியதல்ல, ஆட்டோக்காரர்கள் எழுதியது.

சின்னையா மல்லிகாவோடு இறங்கி வந்தார். ஆர்ச்சுக்குக் கீழே நின்று ஒருதடவை மேலே பார்த்தார். என்னிடம் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் பின்னால் அஷ்டமிக்காரர், கால் வலிக்காரர், மச்சானுக்குக் காத்திருந்தவர் என்று வார்டே பை, பிளாஸ்க்கோடு இறங்கிப் போனது. கல்லுப் பையனைக் கட்டிலில் படுக்க வைத்தோம். பெரிய வார்டில் அவனும் இன்னும் ஓரிருவரும் மட்டும் இருந்தார்கள்.

அப்போதுதான், கீழே டீ குடித்து முடித்த தேர்வாளர் என் அறிக்கையோடு மாடி ஏறி வந்தார். கண்டிப்பான மனிதர். கட்டில்களைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார்.

"படுக்கை எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"காலைல வரைக்கும் இருந்துச்சுங்க சார். எல்லாரும் குணமாயிட்டாங்க."

"அதை அறிக்கையில போடலையே?"

"இப்பத்தாங்க ஆனாங்க."

அவர் சன்னல் பக்கம் போனார். "ஆர்ச்சுல எழுத்துப் பிழை இருக்கு. 'ம்' விட்டுப் போயிருக்கு."

நடந்தது முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். அறிக்கையில 'மீண்டும்'னு இருக்கு, ஆர்ச்சுல 'மீண்டு'ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்" என்றார்.

"அறிக்கைய மாத்திக் குடுத்துறவா சார்?"

"பைண்டிங் ஆயிடுச்சே. ஆர்ச்சை மாத்துங்க. பிழையைத் திருத்தி, அதுக்குக் கீழ நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. தேர்ச்சி போட்டுடறேன்."

ஒரு எழுத்து வந்தால் எனக்கு வேலை. வந்தால் வார்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் பீர் முகமது மருந்து வந்த தெர்மாகோல் பெட்டியின் மூடியை எடுத்து, கத்தரியால் ஒரு 'ம்' வெட்டினார். புள்ளி தனியாக விழுந்துவிட்டது, ஒட்டினார். நீலப் பெயின்ட் இல்லாததால் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைப் பூசினார். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மறுநாள் யாரும் டிஸ்சார்ஜ் ஆகாத நேரமாகப் பார்த்து ஏணியைப் போட்டேன். கட்டுப்போடும் பிளாஸ்டரால் 'ம்'மை ஒட்டிவிட்டு இறங்கிக் கீழே நின்றேன். பீர் முகமது போனை உயர்த்தினார். சரியாக அந்த நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள், பின்னால் பை தூக்கிக்கொண்டு நாலைந்து பேர்.

"மாப்ள, கழட்டு" என்றார் பீர் முகமது.

மறுபடி ஏறிப் பிய்த்தேன். பிளாஸ்டரோடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. 'ம்'மை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன். குழந்தை வெளியே போனது. அந்தக் குடும்பம் ஆட்டோவில் ஏறி, ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, திரும்ப ஒட்டினேன். போட்டோவில் என் முகம் பதறிப்போய் இருக்கும். ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது. பட்டம் வந்தது. காப்பீட்டுக்காரர்கள் நகல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகும் யாராவது பரிசோதனைக்கு வந்தால், ஆர்ச்சில் இருப்பதும் போட்டோவில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும் என்று 'ம்'மை மாட்டுவோம், பிறகு கழற்றுவோம். பார்மசியில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு ஆணி இருந்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று என் இடத்துக்கு வந்தது கவிதா என்ற பிள்ளை. முறையாகக் கல்லூரியில் படித்தது. சாவிகள், ஜெனரேட்டர், சிலிண்டர் கணக்கு எல்லாம் ஒப்படைத்துவிட்டு, ஆணியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். விவரமும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டது.

"எப்ப மாட்டணுங்கய்யா?"

"பெரிய ஆபீசருக யாராச்சும் வாராங்கன்னா, அவங்க உள்ள வந்த ஒடனே."

"எப்பக் கழட்டணும்?"

"அவங்க வெளிய போறதுக்குள்ள. அவங்களும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்ல."